தாசில்தாருக்கு நாலு வாரம் விலக்கு

எர்ரம்பட்டியில் மண் முழுக்கக் கறுப்பு. தெலுங்கில் 'எர்ர' என்றால் சிவப்பு. யார் எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஊரில் ஒருவரும் விசாரித்ததில்லை. இருப்பதற்கும் சொல்லிக்கொள்வதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே கிடையாது. அதனால்தான் சௌந்தரபாண்டியன் அந்த ஊரில் வெகு சௌகரியமாக இருந்தார்.

கோவில்பட்டி எல்லையில் அவருக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டி முதலாளிகள் சங்கத்துக்குத் தலைவர் ஆகிவிட்டால் ஊர்க் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்திருந்தார். சாமி யோசித்துப் பார்த்து அவரை இணைச் செயலாளர் ஆக்கிற்று. அதுவும் இருந்தவர் கண் ஆபரேஷனுக்குப் போனதால், அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு'. சாமி குறைத்தாலும் தான் குறைக்கப்போவதில்லை, முழுக் கிடாதான் என்று சௌந்தரபாண்டியன் பெருந்தன்மையோடு அறிவித்தார். பங்குனிக் கொடைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, மெயின்ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற எர்ரம்பட்டி விலக்கில் பிளக்ஸ் ஏறிவிட்டது. அதில் அவர் கழுத்திலும் மாலை, கிடாவின் கழுத்திலும் மாலை. இருவரும் நேராகக் கேமராவைப் பார்த்தார்கள். கிடாவின் பார்வையில் கொஞ்சம் கூடுதல் கண்ணியம் இருந்ததாக பஸ்ஸில் போகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கிடாவுக்கு விலை கொடுத்தவர் சௌந்தரபாண்டியன். வளர்த்தது அதே ஊரில் மிளகாய்க்காட்டு வேலைக்குப் போகிற வேலுத்தாய். பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்த செங்கன்னிக் குட்டி அது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் செம்பட்டைக் கோடு. வேலுத்தாய் பால்புட்டி வைத்துத்தான் அதைக் கரையேற்றினாள். வளர்ந்த பிறகு அதற்கு ஒரு வழக்கம் வந்தது. காலையில் கிளம்பி தெருவில் ஒரு வீடு விடாமல் நுழையும். நின்று நாலு பக்கமும் பார்க்கும். ஏதாவது வாயில் வாங்கிக்கொள்ளாமல் வெளியே வராது. வாங்கிக்கொண்ட பிறகு அந்த வீட்டுக்காரரைத் திரும்பியும் பார்க்காது. ஊர் அதற்குத் 'தாசில்தார்' என்று பெயர் வைத்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எர்ரம்பட்டி பொருத்தம் பார்த்துப் பெயர் வைத்திருந்தது.

வேலுத்தாய் வாய் ஓயாமல் தாசில்தாரைத் திட்டுவாள். "சனியன் பிடிச்ச மூதி, ஒன்ன கொடையில வெட்டுனாத்தாம்ல எனக்கு நிம்மதி" என்று சொல்லிக்கொண்டே, உடைமரக் காட்டில் பொறுக்கிக் கொண்டுவந்த நெத்துக் காய்களை முந்தியிலிருந்து அவிழ்த்துப் போடுவாள். அவன் தின்பான். அவள் இன்னும் திட்டுவாள். வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, இது தவறாது. கொடை நெருங்க நெருங்க அவள் திட்டுவது குறைந்தது. ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவளுடைய மனசு புரிந்தது. ஆனால் நேர்ந்துவிட்ட கிடா சாமியின் சொத்து. அதைக் கேட்கிற உரிமை யாருக்கும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

கொடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காலம் தப்பி ஒரு மழை பெய்தது. காயப்போட்ட மிளகாயை அள்ள ஊரே ஓடியது. தாசில்தாரைத் தொழுவில் அடைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் அவன் மூக்கு ஒழுகியது. இருமினான். தெருவில் மூன்று வீடுகளை உள்ளே எட்டிப் பார்க்காமல் சும்மா கடந்து போனான். ஊர் பதறிவிட்டது. அவன் நுழையாத வீட்டுக்காரர்களுக்கு ஏதோ குறை வந்துவிட்ட மாதிரி இருந்தது.

வேலுத்தாய் சௌந்தரபாண்டியனுக்குப் போன் போட்டாள். அவர் உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டார். அங்கே புதிதாக டாக்டராக வந்திருந்தவள் ஜெயப்பிரியா. மணியாச்சிக்காரி. ரயில்வே குடும்பத்துப் பெண் என்பதால், விதி என்று ஒன்று அச்சில் இருந்தால் வண்டி அதன் மேல்தான் ஓட வேண்டும் என்று நம்புகிறவள். கால்நடை மருத்துவர் செய்ய வேண்டியவை, கூடாதவை என்று ஒரு நீளத் தாளை மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். சட்டம் பேசும்போது கண் தானாக அந்தத் தாளின் பக்கம் போகும். அவளுக்கு முன்னால் இருந்தவர் போனிலேயே மருந்து சொல்லிவிடுவார். அவசரமாக இருந்தால் இன்ன நோய் என்று கேட்காமலேகூடச் சொல்லுவார். ஊருக்கு அது பழகிப்போயிருந்தது.

சௌந்தரபாண்டியன் தன்னுடைய பதவியை அடைப்புக்குறியை விட்டுவிட்டுச் சொன்னார். சளிக்கு நல்ல ஊசியாக ஒரு பெயர் சொன்னால் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பேரு எல்லாம் மருந்துக்கடையிலயே எழுதித்தான் இருக்கு அண்ணாச்சி," என்றாள் ஜெயப்பிரியா. "எது வேணும்னு ஆடுதான் சொல்லணும். நான் ஆட்டப் பாக்கணும். பாக்காம எழுதுனா தப்பு."

சாயங்காலம் தானே எர்ரம்பட்டிக்கு வருவதாகவும் சொன்னாள். ஆனால் ஒரு சின்னப் பெண் தன்னிடம் 'தப்பு' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்ட பிறகு, அந்தப் பெண் வந்து கிடாவைக் காப்பாற்றுவது சௌந்தரபாண்டியனுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பார்க்க வேண்டும் அவ்வளவுதானே என்று வாட்சப்பில் படம் அனுப்பினார். கைவசம் இருந்தது பிளக்ஸ் படம்தான்.

பதில் உடனே வந்தது: 'ரெண்டு பேர் இருக்காங்க. யாருக்குச் சளி?'

அவர் நேரே கொம்பையாவின் மருந்துக்கடைக்குக் காரை விட்டார். கொம்பையா எர்ரம்பட்டிக்காரர், கடை கோவில்பட்டியில். போன மாதம் வரை அவர் கடையில் டாக்டர் சீட்டு கேட்கிற வழக்கமே இல்லை. ஒரே மாத்திரையை மருமகனுக்கு அரை, எருமைக்கு நாலு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். இரண்டு தரப்பும் பிழைத்துக்கொண்டதால் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். போன மாதம் மருந்து ஆய்வாளர் வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, சிவப்புக் கோடு போட்ட மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இதற்குச் சீட்டு எங்கே, இதற்குச் சீட்டு எங்கே என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். லைசென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாராம். அன்றிலிருந்து கொம்பையா வேறு ஆள். இருமல் மிட்டாய் கேட்டு வந்தவனிடம்கூடச் சீட்டு கேட்டு அனுப்பியதாகச் சொல்கிறார்கள்.

"என்ன வேணும்னாலும் கேளுங்க அண்ணாச்சி, சீட்டு இல்லாம ஊசி மட்டும் கேக்காதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார் கொம்பையா. "நேத்து ராத்திரி சொப்பனத்துலகூட அந்த ஆபீசர் வந்தாரு."

கொடையில் கருப்பசாமியே இறங்குகிற உடம்பு கொம்பையாவுடையது. அப்பேர்ப்பட்டவர் சொப்பனத்துக்குப் பயப்படுவதைப் பார்த்துச் சௌந்தரபாண்டியன் வருத்தப்பட்டார்.

சீட்டுதானே, வாங்கிவிட்டால் போகிறது. ஊரில் அவருக்கு டாக்டர் நண்பர் ஒருவர் இருந்தார், மனுசருக்குப் பார்க்கிறவர், சாயங்காலம் சேர்ந்து சீட்டாடுகிறவர். ஆட்டுக்கு எழுத மாட்டேன், எழுதினால் என் பதிவு போய்விடும் என்று அவர் சொல்லிவிட்டார். சரி, எனக்கே எழுது, என் பெயரிலேயே எழுது, எனக்குத்தான் சளி என்று சௌந்தரபாண்டியன் இரண்டு தரம் இருமியும் காட்டினார். அப்படியானால் பரிசோதிக்காமல் எழுத முடியாது என்றார் நண்பர். இந்த உலகத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒழுங்காகிவிட்டார்களா என்று அலுத்துக்கொண்டே சௌந்தரபாண்டியன் சட்டையைக் கழற்றினார்.

நெஞ்சில் சளி இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் மேலே ஏறி நின்றது. கொழுப்பும் இருக்கும், ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார் நண்பர். எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது. ஆட்டுக்கு மருந்து வாங்கப் போனவர், ஆட்டுக்கறியைக் கையால் தொடக்கூடாது என்று தன் பெயருக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் பொழுது விழுந்துவிட்டது.

ஜெயப்பிரியா சாயங்காலம் ஊருக்கு வருவதாகச் சொன்னதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. வர வேண்டாம் என்று அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தார். வேலுத்தாய் அவருடைய காருக்காகப் பார்த்துப் பார்த்துச் சலித்து, விடிந்ததும் தாசில்தாரை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினாள். நின்றுகொண்டே போகிற தெம்பு அவனுக்கு இல்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை.

செய்தி எட்டி சௌந்தரபாண்டியன் மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஜெயப்பிரியா தாசில்தாரின் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தனக்கும் பரிசோதனை நடந்த ஞாபகத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விலாவில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, ஊசி போட்டால் பிழைப்பான், போடாவிட்டால் கொடை வரைக்கும்கூடத் தாங்க மாட்டான் என்றாள்.

போட வேண்டியதுதானே என்றார் சௌந்தரபாண்டியன்.

"போடலாம். ஆனா, கடைசி ஊசி போட்ட நாளுல இருந்து நாலு வாரத்துக்கு இவன் கறிய யாரும் சாப்பிடக் கூடாது. மருந்து கறியிலயே தங்கியிருக்கும். சொல்லாம போட்டா எம்மேல தப்பு."

கொடைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. தாசில்தார் இருமினான். வேலுத்தாய் தலையை நிமிர்த்தினாள். சட்டம் என்றால் அவளுக்கு இதுவரை ரேஷன் கடைக்காரன் கதவைச் சாத்துவது மட்டும்தான். அப்படியொரு பொருள் தன் பக்கத்திலும் வந்து நிற்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சௌந்தரபாண்டியன் வியாபாரி. விலை படியாத சரக்கு உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். நாலு வாரத்தை ஒன்றரை வாரமாகக் குறைத்துப் போடச் சொன்னார். கட்டுப்படியாகாது என்றாள் ஜெயப்பிரியா. குக்கரில் நாலு விசில் கூடுதலாக விட்டால் மருந்து போய்விடாதா என்று கேட்டார். மருந்து விசிலுக்குப் பயப்படாது என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, தாசில்தாரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இடது தொடையில மட்டும் போடுங்க. நாங்க வலது பக்கமாப் பாத்துத் தின்னுக்கிடுதோம்."

"ரத்தம் ரெண்டு பக்கமும் ஓடுது அண்ணாச்சி."

அப்படியானால் ஊசியே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். சாமி விட்ட வழி ஆகட்டும் என்றார். வேலுத்தாயின் கை தாசில்தாரின் கழுத்தில் இருந்தது. அதை எடுக்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி. ஆனா, நேந்த கிடா கொடைக்கு முன்னால செத்தா, சாமி ஒங்க கையில வாங்க மாட்டேன்னுட்டுன்னு ஊருல பேசுவாவ. பிளக்சு வேற நிக்கிது."

சௌந்தரபாண்டியன் திரும்ப உட்கார்ந்தார். அடைப்புக்குறியும், அதற்குள் இருக்கும் பொறுப்பும், கண் ஆபரேஷன் முடிந்து திரும்பி வரப்போகிற பழைய இணைச் செயலாளரும் அவர் கண்முன் வந்து போனார்கள்.

"போடுங்க," என்றார். பிறகு வேலுத்தாய் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நாலு வாரத்த எல்லாம் எவன் பாக்கான். கொடையன்னைக்கு வெட்டிக்கிடுவோம்."

வேலுத்தாய்க்கு அது நன்றாகக் கேட்டது. ஜெயப்பிரியாவுக்கும் கேட்டது. ஆனால், ஊசியைப் போட்டு சீட்டை எழுதிக் கொடுப்பது வரைதான் அவளுடைய விதி. கொடைக்கு வந்து அரிவாளைப் பிடிப்பது அந்த நீளத் தாளில் எங்கும் இல்லை.

அவள் சீட்டு எழுத உட்கார்ந்தபோது வேலுத்தாய் பக்கத்தில் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, அந்தத் தின்னக்கூடாதுங்குத சங்கதிய மட்டும் தமிழ்ல கொட்டை எழுத்துல எழுதுங்க. அண்ணாச்சிக்கு இங்கிலீசு தண்ணிபட்ட பாடு. எங்களுக்குத்தான் தெரியாது."

ஜெயப்பிரியாவின் கையெழுத்து பள்ளிக்கூடக் கரும்பலகைக் கையெழுத்து. உரிமையாளர் திரு. சௌந்தரபாண்டியன் என்று முதல் வரி. ஆட்டின் இனம், நிறம், நோய், மருந்து, அளவு. கடைசியில், 'நான்கு வாரம் இறைச்சி உண்ணக் கூடாது' என்று ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. கீழே கையெழுத்தும் அரசு முத்திரையும்.

அந்தச் சீட்டைக் காட்டி கொம்பையா கடையில் மருந்து வாங்கினார்கள். சீட்டோடு வந்த முதல் ஆடு என்று கொம்பையா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த சில நாட்கள் தாசில்தார் மருந்தகத்துக்குப் போய்வந்தான். இருமல் நின்றது. ஒருநாள் காலையில் மறுபடியும் தெருவில் முதல் வீட்டுக்குள் நுழைந்தான். அந்த வீட்டம்மாள் சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த கத்தரிக்காயை விட்டுவிட்டு, வைத்திருந்த முருங்கைக்கீரையை எல்லாம் அவனிடம் நீட்டினாளாம்.

நலமடைந்த செய்தியைச் சொல்லச் சௌந்தரபாண்டியன் வீட்டுக்குப் போன வேலுத்தாய், சீட்டையும் கையில் கொண்டுபோயிருந்தாள். இதில் முதலில் இருப்பது அண்ணாச்சி பெயர் என்று காட்டினாள். கீழே கவர்மெண்டு சீல் என்று காட்டினாள். சுற்றுவட்டாரத்தில் இத்தனை கொடை நடக்கிறது, எந்தக் கிடாவுக்காவது கவர்மெண்டு சீல் உண்டா என்று தன்பாட்டுக்குச் சொல்லி வியந்தாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் சௌந்தரபாண்டியனுக்குத் தேவையும் இல்லை.

இரண்டு நாளில் விலக்கில் புது பிளக்ஸ் ஏறியது. நடுவில் தாசில்தார், பக்கத்தில் சௌந்தரபாண்டியன், உச்சியில் 'அரசு முத்திரை பெற்ற ஒரே கிடா'. மீதி இடம் முழுக்க அந்தச் சீட்டின் படம், ஆள் உயரத்தில்.

கடைசி வரி அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டாக்டர் சீட்டை எவன் படித்திருக்கிறான்? படிக்க முடியாமல் இருப்பதுதான் அதன் மதிப்பு என்று பிறந்ததிலிருந்து பார்த்துவந்தவர் அவர். ஜெயப்பிரியாவின் கையெழுத்தைக் கோவில்பட்டி பிளக்ஸ் கடைக்காரன் பெரிதாக்கியபோது ஒவ்வோர் எழுத்தும் செங்கல் அளவுக்கு வந்தது. விளாத்திகுளம் பஸ் விலக்கில் நிற்கும் நேரத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் படித்தார்கள். ஒரு கண்டக்டர், "நாலு வாரம் இறைச்சி உண்ணக் கூடாது, இறங்குங்க" என்று சொல்லித்தான் ஆட்களை இறக்கினார்.

சௌந்தரபாண்டியன் விருந்துக்கு அழைத்திருந்த சங்கத்துக்காரர்களுக்கு வரிசையாக உடம்புக்கு ஆகாமல் போயிற்று. ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார், பங்குனியில். தலைவர் மட்டும் கட்டாயம் வருவதாகவும் மோர் மட்டும் குடிப்பதாகவும் சொல்லியனுப்பினார். இவ்வளவுக்குப் பிறகும் சௌந்தரபாண்டியன் அசையவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான், வெட்டு நிச்சயம் என்றார். பெரிய அண்டாக்கள் வந்து இறங்கின. நோய் தீர்ந்த பிறகும் வேலுத்தாய் தாசில்தாரைத் திட்ட ஆரம்பிக்கவில்லை.

மதியக்கொடைக்கு மேளம் உச்சத்தில் இருந்தது. கருப்பசாமி பீடத்துக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. தாசில்தாரை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அவன் மாலையைத் தின்றுகொண்டிருந்தான். அவனைப் பிடித்த கயிறு வேலுத்தாயின் கையில். எர்ரம்பட்டியில் வழக்கம் என்னவென்றால், சாமியாடி முதலில் உத்தரவு கொடுக்க வேண்டும். பிறகு கிடாவின் தலையில் தண்ணீர் விடுவார்கள். அது உடம்பைக் குலுக்கினால் சம்மதம். சாமி, கிடா இரண்டில் ஒன்று மறுத்தாலும் அரிவாள் இறங்காது.

கொம்பையா கச்சை கட்டி, சலங்கை போட்டு, அரிவாளோடு நின்றார். மேளத்தின் அடி மாறியதும் அவர் உடம்பு குலுங்கியது. ஓங்காரமாக ஒரு சத்தம் போட்டார். சாமி வந்துவிட்டது. சௌந்தரபாண்டியன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, நேர்ந்தபடி கிடா கொண்டுவந்திருக்கிறேன், உத்தரவு வேண்டும் என்று கும்பிட்டார்.

சாமி அவரை மேலும் கீழும் பார்த்தது. கிடாவைப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது.

"சீட்டு எங்கல?"

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"எந்தச் சீட்டு சாமி?"

"டாக்டர் சீட்டு."

"அது ரோட்டுல இருக்கு சாமி. பிளக்சுல."

"நானும் வரும்போது பாத்தேன்," என்றது சாமி. "நாலு வாரம்னு போட்டிருக்கு. ஆச்சா?"

சௌந்தரபாண்டியன் குரலைத் தாழ்த்தி, சாமிக்குக் கறி பெரிதில்லை, வாசம்தானே பெரிது என்று ஏதோ சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் செய்யாதுல. நான் கல்லு. திங்குதது என் பிள்ளையள்லா? சரி, எவன் திம்பான்னு வெட்டுத? நீ திம்பியா?"

ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. சாமிக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பதில் சௌந்தரபாண்டியன் உறுதியானவர். மற்ற இடங்களில் பொய் பழகிவிட்டதால் இந்த ஓர் இடத்துக்காவது அந்த உறுதியை வைத்திருந்தார்.

"எனக்கு டாக்டர் ஆட்டுக்கறி ஆகாதுன்னுட்டாரு சாமி."

பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மோர் குடிக்க வந்த தலைவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"ஒனக்கு ஒரு சீட்டு, கெடாவுக்கு ஒரு சீட்டு," என்று சாமி அரிவாளைத் தரையில் ஊன்றியது. "ரெண்டையும் மீறி உத்தரவு குடுத்தா எனக்கு லைசென்சு போயிரும்."

கருப்பசாமிக்கு என்ன லைசென்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. சாமி வாக்கில் குறுக்கே பேசக் கூடாது.

அடுத்த கொடைக்குத் தள்ளிவைக்கிறேன், இன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் போதும், முந்திரி குறையக் கூடாது என்று சாமி தீர்ப்புச் சொல்லியது. இனி பாக்கி இருந்தது இந்தத் தீர்ப்புக்குக் கிடாவின் சம்மதம். செம்பை வாங்கி வேலுத்தாயே தாசில்தாரின் தலையில் தண்ணீர் விட்டாள். பாதி அவள் சேலையிலேயே விழுந்தது. அவன் மாலையில் மிச்சமிருந்த ஒரு சாமந்தியை விழுங்கி முடித்துவிட்டு, கொம்பிலிருந்து வால்வரை ஒரு குலுக்குக் குலுக்கினான். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் நனைந்தார்கள். குலவைச் சத்தம் மெயின்ரோடு வரைக்கும் கேட்டது. அண்டாக்களில் அரிசியும் கருப்பட்டியும் ஏறின. அன்றைக்குப் பொங்கல் தின்ற அளவுக்கு எர்ரம்பட்டி அதற்குமுன் கறிகூடத் தின்றதில்லை. தாசில்தார் பந்தி பந்தியாகப் போய்ப் பார்வையிட்டான். ஓர் இலையைக்கூட விடவில்லை.

சாமி மலையேறியதும் கொம்பையாவுக்கு ஒன்றும் நினைவில்லை. அப்படித்தான் சொன்னார். சௌந்தரபாண்டியனுக்கும் இரண்டு நாளில் பல விஷயங்கள் நினைவில்லாமல் போயின. மூன்றாம் பிளக்ஸில் 'சட்டத்தை மதித்துக் கிடாவைக் காத்த இணைச் செயலாளர்' என்று போட்டிருந்தது. 'பொறுப்பு' அதில் இல்லை. இடம் போதவில்லை என்று பிளக்ஸ் கடைக்காரன்மேல் பழியைப் போட்டார்.

வேலுத்தாய் மட்டும் தள்ளிவைத்தது தள்ளிவைத்ததுதான் என்று கணக்காக இருந்தாள். அடுத்த பங்குனி வரத்தானே போகிறது. ஒருநாள் தாசில்தாரைக் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். ஜெயப்பிரியா அவனைச் சோதித்துவிட்டு, ஒரு நோயும் இல்லை, ஒரு மருந்தும் வேண்டாம் என்றாள்.

நோய் இல்லாத ஆட்டுக்குக் கொடுக்கிற மருந்து ஒன்றுமே இல்லையா என்று வேலுத்தாய் கேட்டாள். பூச்சி மருந்து உண்டு, வருஷத்துக்கு இரண்டு தரம் கொடுப்பது நல்லது என்றாள் ஜெயப்பிரியா.

"அதுக்கும் கறி விலக்கு உண்டா தாயி?"

"உண்டு. இவ்வளவு நாள்னு மருந்தப் பொறுத்து இருக்கு."

"எந்த மாசம் குடுக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கா?"

ஜெயப்பிரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த நீளத் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். சிரிப்பை அடக்க அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"மாசம் ஒண்ணும் போடல அக்கா."

"அப்பம் பங்குனி பொறந்ததும் கூட்டிட்டு வாரேன்."

இதற்குள் தாசில்தார் முன்னங்காலை மேஜையில் ஊன்றி, அந்தத் தாளின் கீழ்முனையைக் கிழித்து வாயில் போட்டிருந்தான். வேலுத்தாய் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

"ஏலே மூதி, ஒன்னக் காப்பாத்துன காயிதத்தயே திங்குதியல. ஒன்ன கொடையில வெட்டுனாத்தாம்ல எனக்கு நிம்மதி," என்று ஆரம்பித்தாள். மருந்தக வாசலில், ரோட்டில், லோடு ஆட்டோவில், எர்ரம்பட்டி வந்து சேரும் வரைக்கும் அவள் திட்டு ஓயவே இல்லை.